டிவோர்ஸ்: வீடு யாருக்கு, லோன் யாருக்கு?

"டிவோர்ஸ் ஆனா பாதி சொத்து தானா போயிடுமாமே?" இந்தக் கேள்வியைக் கல்யாணம் ஆகாதவங்ககூட கேட்கிறாங்க. சுருக்கமான பதில்: தமிழ்நாட்டுல அப்படி ஒரு சட்டம் இல்ல. கலிஃபோர்னியா மாதிரி இடங்கள்ல இருக்கு. இந்தியாவுக்குள்ளேயே கோவாவுல, போர்ச்சுகீசியர் காலத்துச் சிவில் சட்டப்படி, தம்பதி வேற மாதிரி எழுதிக்கலைன்னா சொத்து இருவருக்கும் பொது. திருச்சியில அது செல்லாது.

நான் வக்கீல் இல்ல, கோடு எழுதுற ஆள். அதனால சிஸ்டம் எப்படி வேலை செய்யுதுன்னு மட்டும் பார்ப்போம். இங்கே பேசுறது இந்து திருமணச் சட்டம், 1955 பற்றி. மற்ற சட்டங்கள்ல கல்யாணம் பண்ணினவங்களுக்கு விதிகள் மாறும்.

சட்டம் என்ன பார்க்குது?

27-ஆம் பிரிவு, கல்யாணத்தை ஒட்டி வந்த, இருவருக்கும் பொதுவான பொருட்களைப் பிரிக்கச் சொல்லுது. 25-ஆம் பிரிவு, இருவரின் வருமானம், சொத்து, நடத்தை எல்லாம் பார்த்து நிரந்தர ஜீவனாம்சம் தரச் சொல்லுது. கல்யாணத்துக்கு அப்புறம் வாங்கின வீட்டைச் சரிபாதியாப் பிரிக்கணும்னு எந்தப் பிரிவும் சொல்லல. அதனால வழக்குன்னு வந்தா முதல் கேள்வி ரெண்டுதான்: பத்திரம் யார் பேர்ல இருக்கு? பணம் யார் கொடுத்தது?

இங்கதான் அநியாயம் நுழையுது. வேலையை விட்டுட்டு வீட்டையும் குழந்தையையும் பார்த்துக்கிட்டவங்ககிட்ட பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்காது.

2023 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி இதுக்கு ஒரு பதில் சொன்னார். கணவர் 1983 முதல் 1994 வரை சவூதியில வேலை பார்த்தார், மனைவி ஊர்ல குடும்பத்தைப் பார்த்துக்கிட்டாங்க. அவர் அனுப்பின பணத்துல வாங்கின சொத்து யாருக்குன்னு சண்டை. மனைவியோட வீட்டு வேலையைப் பங்களிப்பா அங்கீகரிக்க நேரடிச் சட்டம் இல்ல, ஆனா அங்கீகரிக்கக் கூடாதுன்னும் எந்தச் சட்டமும் தடுக்கலன்னு நீதிமன்றம் சொன்னது. அந்தச் சம்பாத்தியத்துல வாங்கின சொத்துல மனைவிக்குச் சம பங்கு கிடைச்சது. ஒண்ணு கவனிங்க: அது விவாகரத்து வழக்கு இல்ல, சொத்து வழக்கு. அதை வெச்சு எல்லா டிவோர்ஸ்லயும் பாதி கிடைக்கும்னு நினைக்கக் கூடாது. ஆனா பேரம் பேச உட்காரும்போது, "நீ என்ன சம்பாதிச்ச?"ன்னு கேட்கிறவங்களுக்கு அது ஒரு நல்ல பதில்.

நகை தனிக் கணக்கு

கல்யாணத்துக்குப் பெண்ணுக்குப் போட்ட நகை ஸ்ரீதனம். அது அவங்களுக்கு மட்டுமே சொந்தம்னு உச்ச நீதிமன்றம் 1985-லயே சொல்லிடுச்சு. 2024 ஏப்ரல்ல இன்னும் தெளிவாச் சொன்னது: கஷ்டகாலத்துல கணவன் அதை எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனா திருப்பித் தர்ற கடமை அவனுக்கு உண்டு. ஃபிளாட் அட்வான்ஸுக்காக அடகு வெச்ச சங்கிலியும் இதுல சேரும். ஒப்பந்தம் எழுதும்போது ரூபாயில எழுதாதீங்க, சவரன்ல எழுதுங்க. தங்கம் ஏறுற வேகத்துல ரூபாய்க் கணக்கு ஒரே வருஷத்துல பொய்யாயிடும்.

கடன் கையெழுத்தைப் பின்தொடரும்

ஹோம் லோன்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தா, ஒப்பந்தச் சட்டம் 43-ஆம் பிரிவுப்படி, பேங்க் முழுத் தொகையையும் யாரிடம் வேணாலும் கேட்கலாம். "இஎம்ஐ-யை அவர் கட்டுவார்"னு குடும்பநல நீதிமன்றத்துல எழுதிக்கிட்டது உங்க ரெண்டு பேருக்கும் இடையில உள்ள ஒப்பந்தம். பேங்க் அதுல கையெழுத்துப் போடல. அவர் மூணு மாசம் கட்டலைன்னா உங்க சிபில் ஸ்கோரும் சேர்ந்து விழும். அதனால பத்திரத்துல பேர் மாறும்போதே லோனும் மாறணும்: வீட்டை வெச்சுக்கிறவங்க தன் பேர்ல மட்டும் புது லோன் எடுத்துப் பழையதை அடைக்கணும், இல்லன்னா வித்து அடைக்கணும். மறுபக்கம், நீங்க கையெழுத்தோ ஜாமீனோ போடாத பர்சனல் லோனுக்கு, வாழ்க்கைத்துணைங்கிற ஒரே காரணத்துக்காக நீங்க பொறுப்பாக மாட்டீங்க.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

தில்லை நகர்ல கூட்டுப் பேர்ல ஒரு ஃபிளாட்னு வெச்சுக்குங்க. இன்றைய மதிப்பு 70 லட்சம், பாக்கி லோன் 40 லட்சம். பிரிக்க வேண்டியது 70 இல்ல, மிச்சமிருக்கிற 30 லட்சம்தான். அட்வான்ஸுக்கு மனைவியோட 10 சவரன் போச்சு, அதோட மதிப்பு உதாரணத்துக்கு 8 லட்சம்னு வெச்சுப்போம். முதல்ல அதைத் தனியா எடுங்க. மீதி 22 லட்சம், ஆளுக்கு 11. கணவர் ஃபிளாட்டை வெச்சுக்கிட்டா, 40 லட்சம் லோனைத் தன் பேருக்கு மாத்திக்கிட்டு, மனைவிக்கு 19 லட்சம் தரணும் (அதுல 8 லட்சத்தை 10 சவரனாவே கொடுக்கலாம்). அவர் கையில மிஞ்சுறதும் 11 லட்சம்தான். இது சட்டம் போடுற கணக்கு இல்ல, மனசாட்சியோட உட்கார்ந்தா வர்ற கணக்கு. அவங்க வேலையை விட்ட வருஷங்களுக்கு இதுக்கு மேல ஜீவனாம்சம் தனியாப் பேசணும்.

ஸ்ரீரங்கத்துல கோயிலைச் சுத்தியுள்ள வீதிகள்ல வீடு இருந்தா இன்னொரு முடிச்சு உண்டு. அடிமனைப் பிரச்சினை அந்த ஊர்க்காரங்களுக்குப் பழைய கதை: மனை யாருக்குங்கிற தகராறால பத்திரப் பதிவே சிக்கல். "வித்துப் பங்கு போட்டுக்கலாம்"னு எழுதினா அது பேப்பர்ல மட்டும் நிக்கலாம். அங்கே, வீட்டுல இருக்கப் போறவங்க மத்தவங்களுக்கு எவ்வளவு, எத்தனை தவணையில, எந்தத் தேதிக்குள்ளன்னு எழுதிக்கிறது நடைமுறைக்கு ஒத்து வரும்.

என்ன வரிசையில செய்யணும்?

ஒண்ணு: வில்லங்கச் சான்று, ரெண்டு பேரோட கிரெடிட் ரிப்போர்ட், நகைக்கடன் ரசீது எல்லாத்தையும் எடுங்க. தெரியாத கடன் அங்கதான் தெரியும். ரெண்டு: ஜீவனாம்சம் கேட்டா, 2020 நவம்பர்ல வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி ரெண்டு பேருமே சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாத் தரணும். அந்தப் படிவத்தை இப்பவே நிரப்பிப் பாருங்க. மூணு: பரஸ்பர சம்மதம்னா 13பி பிரிவு. குறைஞ்சது ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்திருக்கணும். மனு போட்டபிறகு ஆறு மாசக் காத்திருப்பு. சில சூழல்ல அதைத் தளர்த்தலாம்னு 2017-ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. சொத்து, நகை, லோன் எல்லாம் அந்த மனுவோட ஒப்பந்தத்திலேயே, தேதியோட இருக்கணும். நாலு: பத்திரம் மாத்துறது தீர்ப்புக்கு முன்னாடியா, பின்னாடியான்னு வக்கீல்கிட்ட கேளுங்க. தீர்ப்புக்கு அப்புறம் நீங்க கணவன், மனைவி இல்ல. குடும்பத்துக்குள்ள எழுதுற பத்திரத்துக்கான முத்திரைக் கட்டணச் சலுகை அப்போ கிடைக்காம போகலாம்.

வக்கீல் ஃபீஸ் பயமா? 1987-ஆம் வருஷச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாம இலவச சட்ட உதவி உண்டு. திருச்சியில மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், இல்லன்னா 15100-க்குக் கூப்பிடலாம்.

கோபத்துல "எனக்கு எதுவும் வேணாம், விட்டாப் போதும்"னு கையெழுத்துப் போட்டுட்டு வர்றவங்க நிறைய. உறவை விடலாம் மக்களே. லோன் உங்களை விடாது. அதுலேர்ந்து பேரை எடுத்துட்டு வெளிய வாங்க.