ஒட்டுப்பலகை வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

தேக்கின் விலை எட்டாத உயரத்திற்குப் போய்விட்டதால், அலமாரி, கட்டில், உட்கதவு, பரண் தட்டு ஆகியவற்றிற்கு விவசாயப் பெருமக்களும் 'பிளைவுட்' எனப்படும் ஒட்டுப்பலகையை நாடுகின்றனர். இடத்திற்கேற்ற ரகத்தைப் பயன்படுத்தினால் இது நெடுநாள் உழைக்கும். இல்லையேல் ஒரே மழைக்காலத்தில் அடுக்குகள் பிரிந்து, போட்ட பணம் வீணாகும்.

அமைப்பு

மரக்கட்டையை இயந்திரத்தில் சுழற்றி, மெல்லிய தகடுகளாக உரிக்கின்றனர். தகடுகளை உலர்த்திப் பசை தடவி, ஒன்றின் இழையோட்டம் மற்றதற்குக் குறுக்காக இருக்குமாறு அடுக்கிச் சூடேற்றி அழுத்துகின்றனர். அடுக்குகள் 3, 5, 7 என ஒற்றைப்படையில் அமையும். ஈரம் பட்ட மரம் இழைக்குக் குறுக்கே விரியும். இழையின் நீளவாக்கில் விரிவது மிகக் குறைவு. அடுக்குகள் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துவதால், ஒட்டுப்பலகை தனிப்பலகையைப் போல் வெடிப்பதில்லை.

அரியானாவின் யமுனாநகர் ஆலைகள் உழவர்கள் வயலில் வளர்த்த பாப்லர், தைல மரங்களையும், கேரளத்தின் பெரும்பாவூர் ஆலைகள் ரப்பர் மரத்தையும் பயன்படுத்துகின்றன. எம்மரமாயினும், அடுக்குகள் தண்ணீரில் பிரியாமல் நிற்பது பசையைப் பொறுத்ததே.

ரகங்கள்

1. எம்.ஆர். (கமர்ஷியல்): யூரியா பார்மால்டிஹைடு பசையால் ஆனது. காற்றின் ஈரத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. நனையாத உள்ளறைகளுக்கு மட்டும் ஏற்றது.

2. பி.டபிள்யூ.ஆர்.: பீனால் பார்மால்டிஹைடு பசையால் ஆனது. சமையலறைக்கு ஏற்றது.

3. மரைன் (ஐ.எஸ். 710): அடிக்கடி நனையும் இடங்களுக்கு உரியது. பூச்சி, பூசணத்தைத் தடுக்க மருந்தேற்றப்பட்டது.

பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ரகமும் அச்சிடப்பட்டுள்ளனவா எனப் பார்க்க வேண்டும். ஐயமிருந்தால், கடையில் ஒரு சிறு துண்டைக் கேட்டு வாங்கி 8 மணி நேரம் கொதிக்க வைக்கவும். அடுக்குகள் பிரிந்தால் அது நனையும் இடத்திற்கு உதவாது.

கனம்

பெரும்பாலும் 8 அடிக்கு 4 அடி அளவில் பலகை கிடைக்கும். அலமாரித் தட்டுக்கு 12 மி.மீ. பலகையைவிட 18 மி.மீ. பலகை ஒன்றரை மடங்கே கனமானது. ஆனால் வளையாமல் நிற்கும் வலு மூன்று மடங்கிற்கும் மேல். மேல்தகட்டின் இழை தட்டின் நீளவாக்கில் ஓடுமாறு அறுக்கச் சொல்லவும்.

பாதுகாப்பு

அறுத்த ஓரத்தின் வழியாகவே ஈரம் எளிதில் ஏறும். ஆகவே, கதவின் அடிப்பக்கம் உட்பட எல்லா ஓரங்களிலும் வர்ணம் அல்லது வார்னிஷ் பூச வேண்டும். அலமாரியைத் தரையிலும் சுவரிலும் ஒட்டாமல் சிறிது இடைவெளி விட்டு வைக்கவும். கரையான் புழங்கும் வீட்டில் மருந்தேற்றிய பலகையே நல்லது. அவ்வாறு மருந்தேற்றிய பலகையின் மேல் தானியத்தை நேரடியாகக் கொட்டி வைக்கக் கூடாது. சாக்கிலோ, டப்பாவிலோ போட்டு வைக்கவும். வெட்டி மீந்த துண்டுகளை அடுப்பில் எரிக்க வேண்டாம். பசையும் மருந்தும் எரியும் புகை கேடு தரும்.

வீட்டின் எல்லா வேலைக்கும் விலை உயர்ந்த ரகம் தேவையில்லை. தண்ணீர் படும் இடம் எது, படாத இடம் எது என்று முதலில் குறித்துக்கொண்டு கடைக்குச் சென்றால் செலவும் குறையும், பொருளும் நிலைக்கும்.