சாய நீரும் காவிரியும்

உறையூரில் தறி நெய்வோரும் திருவரங்கத்தில் வாழை பயிரிடுவோருமாகிய நாம் காவிரி ஒன்றையே நம்பி வாழ்கின்றோம். மேற்கே, கரூர் மாவட்டத்தில், நொய்யல் அதனுடன் கலக்கிறது. அந்நொய்யலைக் கெடுத்தமையால் திருப்பூர்ச் சாயச்சாலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011-இல் ஆணையிட்டது.

சாயத்தைச் சிதைக்க வழியுண்டு. 1894-இல் ஆங்கில ரசாயன அறிஞர் ஃபென்டன் வெளியிட்ட வினையே அதற்கு அடிப்படை. கழிவு நீரில் அமிலம் கூட்டி, அன்னபேதியும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்தால், ஹைட்ராக்சில் என்னும் வீரியமிக்க பொருள் தோன்றிச் சாய மூலக்கூறுகளை உடைக்கும். பின்னர்ச் சுண்ணாம்பு இட்டால் அமிலம் தணியும். இரும்பு வண்டலாகப் படியும். அவ்வண்டலைத் தனியே அகற்றல் வேண்டும்.

ஆயினும், சாயமேற்றும்போது இட்ட உப்பு இம்முறையால் நீங்காது. நிறம் நீங்கிய நீரெல்லாம் வயலுக்கேற்ற நீராகாது. உப்பையும் பிரித்தெடுத்தாலன்றி, தெளிந்த நீரையும் வாய்க்காலில் விடலாகாது என்பதை அங்கத்தினர் அனைவரும் மனத்திற்கொள்வோமாக.