அட்வான்ஸ் கொடுக்கும் முன் அனுமதிச் சீட்டைக் கேளுங்கள்

திருச்சி – மதுரை நெடுஞ்சாலையில் இருக்கும் விராலிமலையிலிருந்து எந்த மலைக்கும் ஓர் இரவுப் பயணம்தான். ஒரு பக்கம் கொல்லிமலை, மறுபக்கம் தேனி மலைகள், இன்னும் கீழே போனால் குற்றாலம். விடுமுறை வந்தால் தெருவுக்கு ஒரு வேன் கிளம்புகிறது. வாட்ஸ்அப் குழுவில் பேர் கொடுத்து, செல்போனிலேயே அட்வான்ஸ் போட்டுவிட்டு, சனிக்கிழமை இரவு ஏறிவிடுகிறோம். தலைக்கு எவ்வளவு, சாப்பாடு உண்டா என்று கேட்கிறோம். எந்தக் காட்டுக்கு, யாருடைய அனுமதியோடு கூட்டிப் போகிறீர்கள் என்று கேட்பதில்லை.

குரங்கணி சொன்ன பாடம்

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள குரங்கணி மலையில், சென்னையிலிருந்து வந்த ஒரு குழுவும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து வந்த இன்னொரு குழுவும் இறங்கிக்கொண்டிருந்தன. கோடையில் காய்ந்து கிடந்த புல்லில் தீ பரவியது. புகையில் வழி தெரியவில்லை. ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தும் அத்தனை பேரையும் காப்பாற்ற முடியவில்லை. மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து 23 உயிர்கள் போயின. அவர்கள் போன பாதைக்கு முறையான அனுமதி இல்லை என்பது பிறகு தெரிய வந்தது.

அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 மலைப் பாதைகளைத் திறந்து, இணையத்தில் முன்பதிவு செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. எளிது, மிதம், கடினம் என்று பாதைகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பயிற்சி பெற்ற வழிகாட்டி கூட வருவார். இந்த வழிகாட்டிகளில் பழங்குடி இளைஞர்கள் பலர். காட்டுத்தீக் காலத்தில், பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, பாதைகள் மூடப்படும். அந்த மாதங்களில் "உள்ளே ஆள் இருக்கிறார், பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒருவர் அழைத்தால் அவர் உங்களை ஆபத்துக்குத்தான் அழைக்கிறார்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். கூட்டிப்போனவர் மட்டுமல்ல, போனவரும் குற்றவாளிதான். வழிகாட்டி சொன்னார் என்பது சாக்காகாது.

அருவியில்

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. நாம் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம்; மேலே மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். தண்ணீர் கலங்குவது, சருகும் குச்சியும் சேர்ந்து வருவது, இரைச்சல் கூடுவது – இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறுங்கள். காவலர் விசில் அடித்தால் பையை எடுக்கத் திரும்பாதீர்கள். கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கிய அத்தனையும் ஏற வேண்டும். இதய நோய், மூட்டுவலி உள்ளவர்களிடம் இதை முன்பே சொல்வது அழைத்துப்போகிறவரின் கடமை.

விலங்குகளிடம்

மயில்கள் நம் விராலிமலைப் பாறைகளிலும் கூரைகளிலும் நடமாடுகின்றன. அவற்றைத் துரத்தாமல் வாழப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தைப் பிற காடுகளுக்கும் கொண்டுபோவோம். சரணாலயத்தில் விலங்கைச் சீண்டுவதும் குப்பை போடுவதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கும் செயல்கள். யானையைக் கண்டால் வண்டியை விட்டு இறங்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், செல்ஃபிக்கு முயலாதீர்கள். குரங்குக்குப் போடும் ஒரு பிஸ்கட்தான் அது அடுத்த குழந்தையின் கையிலிருந்து பறிக்கக் காரணமாகிறது.

வண்டியில் ஏறும் முன்

வாடகைக்கு வரும் வண்டிக்கு மஞ்சள் போர்டு இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியில் காசு கொடுத்துப் போய் விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. விபத்து இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் கொடுத்துவிட வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம்.

ஏமாற்றப்பட்டால்

பணம் வாங்கிக்கொண்டு அழைத்துப்போகிறவர் தருவது சேவை, நீங்கள் நுகர்வோர். சொன்ன இடத்துக்குப் போகாதது, சொன்ன தங்குமிடம் தராதது, கவனக்குறைவால் காயம் – எல்லாம் சேவைக் குறைபாடுகள். "எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று சீட்டில் அச்சடித்த ஒரு வரி மட்டும் அவர்களைக் காப்பாற்றிவிடாது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நம் புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனம் சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டம் போதும். இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, பணம் போட்ட பதிவு ஆகியவற்றை அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி. நண்பர்கள் செலவைப் பங்கிட்டுப் போகும் பயணத்துக்கு இந்த வழி கிடையாது. அதனால் யாருக்குக் காசு கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள்.

ஆபத்து நேரத்தில் 112, மருத்துவ உதவிக்கு 108. மலையில் சிக்னல் இருக்காது. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்த வேனில் பேர் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வனத்துறை அனுமதிச் சீட்டைக் காட்டுங்கள்." காட்டத் தயங்குகிறவரோடு போகாதீர்கள். காடு எங்கும் போய்விடாது; அடுத்த விடுமுறைக்கும் அங்கேயே இருக்கும். அதைப் பார்க்க நீங்களும் இருக்க வேண்டும்.