மடுவத்தில் தொடங்க வேண்டிய பதிவேடு

உடப்புசல்லாவையில் இன்று பறித்த கொழுந்து நாளைக்குள் தூளாகிவிடும். அந்தத் தூளைப் பற்றிய தீர்ப்பு கொழும்பிலிருந்து வந்து சேர நாட்கள் பல ஆகும். 1883 இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்துக்கு மாதிரி போக வேண்டும். தரகர் நிறுவனத்தில் சுவை பார்ப்பவர் அதை ஊற்றிப் பார்த்து, சாயம் மங்கலாக இருக்கிறது என்றோ கருகல் அடிக்கிறது என்றோ குறிப்பு எழுத வேண்டும். அந்தக் குறிப்பு தொழிற்சாலைக்கு வரும்போது, அந்தக் கொழுந்து வாடிய இரவு எவ்வளவு ஈரமாக இருந்தது, எத்தனை மணிக்கு ரோலரில் போட்டார்கள், டிரையர் எந்தச் சூட்டில் ஓடியது என்பதெல்லாம் யாருக்கும் நினைவிராது. அதற்குப் பின் எத்தனை நாள் கொழுந்து அதே தொட்டிகளில் வாடிப் போயிருக்கும்! குறையிலிருந்து காரணத்துக்குத் திரும்பிப் போக இருக்கும் ஒரே வழி, அன்றன்று எழுதிய பதிவேடு. அதை மேலதிகாரி கேட்டால் காட்டுவதற்கான கொப்பியாக நினைப்பதால்தான் பல இடங்களில் அது பயனற்றுப் போகிறது என்பது என் முடிவு.

உடப்புசல்லாவையின் காலநிலை இந்தத் தேவையை இன்னும் கூட்டுகிறது. நுவரெலியாவுக்குக் கிழக்கே இருக்கும் இந்த மலைகளில் வடகீழ்ப் பருவக்காற்று ஆண்டின் கடைசியில் மழையைக் கொட்டும். ஜூலை முதல் செப்டெம்பர் வரையோ, தென்மேல் காற்று மலையைத் தாண்டும்போது தன் ஈரத்தை இழந்து வறண்டு வீசும். மணமான தேயிலை கிடைப்பது அப்போதுதான். ஆகவே "பன்னிரண்டு மணிநேரம் வாட்டினோம்" என்று எழுதி வைப்பதில் அர்த்தமில்லை. மழைநாளின் பன்னிரண்டு மணிநேரம் வேறு, காற்றுநாளின் பன்னிரண்டு மணிநேரம் வேறு. காற்று எவ்வளவு ஈரத்தை வாங்கும் என்பதை உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகள் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சொல்லும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிலோ பச்சைக் கொழுந்தில் 78 கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், சரக்கு 22 கிலோதான். அது வாடி 45 கிலோவுக்கு இறங்கினால் இலையில் தண்ணீர் பாதிக்குச் சற்று மேல். அவசரப்பட்டு 55 கிலோவிலேயே எடுத்துவிட்டால் 60 வீதம் தண்ணீர். ரோலரில் கசங்கும்போது இலையின் சாறு வழிந்து போகும். எஞ்சிய தண்ணீரை விறகெரித்துப் போக்க வேண்டியது டிரையரின் தலையில் விழும். பத்தாயிரம் கிலோ கொழுந்து வரும் நாளில் இந்த வித்தியாசம் மட்டும் ஆயிரம் லீற்றர் அளவுக்குத் தண்ணீர். வாட்டிய இலையை நிறுத்து ஒரு வரி எழுதியிருந்தால், ரோலருக்குப் போகும் முன்பே இது தெரிந்திருக்கும்.

ரோலருக்குப் பிறகு திருத்த இடமில்லை. சலித்து எடுக்கும் பங்குகளை முதல் தூள், இரண்டாம் தூள் என்று பிரிப்பார்கள். (நம் 'தூள்' என்ற சொல் அப்படியே ஆங்கிலத் தேயிலை நூல்களிலும் ஏறியிருக்கிறது.) ஒவ்வொரு தூளும் நொதிக்கும்போது சாயத்துக்குப் பளிச்சென்ற நிறத்தைத் தரும் பொருள் கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தைத் தாண்டியதும் குறையத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் டிரையரின் ஏறத்தாழ 90 பாகைச் சூடு நொதித்தலை நிறுத்தி, ஈரத்தை 3 வீதம் அளவுக்கு இறக்க வேண்டும். தாமதித்தால் சாயம் மங்கும். சூடு மிஞ்சினால் கருகல் ஏறும். எனவே எந்தத் தூள் எத்தனை மணிக்கு விரிக்கப்பட்டது, எத்தனை மணிக்கு டிரையருக்குள் போனது என்பது அந்த நிமிடத்திலேயே எழுதப்பட வேண்டும். வேலைமுறை முடிந்த பிறகு ஞாபகத்தில் நிரப்பிய பக்கத்தில் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட பக்கம் வெற்றுத் தாளைவிடக் கெடுதல், ஏனென்றால் அதை நம்பி முடிவெடுக்கிறார்கள்.

அனுபவமுள்ள டீமேக்கரின் மூக்குக்கு எந்த மானி ஈடாகும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், நொதித்த தூளை முகர்ந்து நேரம் குறிக்கும் திறமை பல ஆண்டுப் பயிற்சியில் வருவது. ஆனால் அவர் ஓய்வுபெறும்போது அந்த மூக்கும் அவரோடு போய்விடும். அவர் எடுத்த முடிவுகளின் நேரமும் சூடும் எழுதப்பட்டிருந்தால்தான் அடுத்தவர் அதிலிருந்து கற்க முடியும். சுவை பார்ப்பதற்கே அளவு இருக்கிறது: 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்கிறது சர்வதேசத் தர நிர்ணயம் 3103. கிண்ணத்துக்கு அளவு வேண்டும் என்றால் தொட்டிக்கும் டிரையருக்கும் வேண்டாமா? இயந்திரமே எல்லாவற்றையும் பதிந்துவிடும் என்பது இன்னொரு வாதம். அது சூட்டைப் பதியும். அன்று மின்சாரம் போனதையும், முற்றிய இலை அதிகமாக வந்ததையும், ரோலரை ஏன் நேரத்துக்கு முன்பே நிறுத்தினார்கள் என்பதையும் மனிதர்தான் எழுத வேண்டும்.

எழுதுகிறவர் பயமில்லாமல் எழுத வேண்டும் என்பதுதான் இதில் கடினமானது. 1924 மே 16 அன்று, அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வோல்டர் ஷூவார்ட் ஒரு பக்கக் குறிப்பில் அளவீடுகளைக் கோட்டுப்படமாக வரையும் முறையைக் காட்டினார். எந்த வேலையிலும் அளவு சற்று ஏறி இறங்கும், அது இயல்பு. அந்த இயல்பின் எல்லையைத் தாண்டினால் மட்டும் காரணத்தைத் தேடுங்கள் என்பது அதன் சாரம். ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் ஒருவரைக் கூப்பிட்டு ஏசினால், அடுத்த நாளிலிருந்து கொப்பியில் பொய் எண்கள்தான் வரும்.

கொப்பியில் உண்மை எண்கள் வேண்டுமானால், பதிவேடு தொழிற்சாலை வாசலில் தொடங்கக் கூடாது. மடுவத்தில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் தொடங்க வேண்டும். சாக்குக்கு இத்தனை கிலோ, மழைத்தண்ணிக்கு இத்தனை கிலோ என்று கழிப்பது தோட்டங்களில் பழைய மனக்குறை. நாளுக்குக் குறித்த கிலோ எட்டாவிட்டால் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி, அரைப்பேராகும் என்பதால், கழியும் ஒவ்வொரு கிலோவும் கூலியைத் தொடும். இலையில் ஒட்டிய தண்ணீருக்குக் காசு கொடுக்க முடியாது என்று நிர்வாகம் சொல்வதில் தவறில்லை. ஆனால் தண்ணீரை அளக்கலாமே! ஒரு பிடி கொழுந்தை நிறுத்து, மேல் ஈரத்தைத் துடைத்து, மறுபடி நிறுத்தால் எவ்வளவு கழிக்கலாம் என்பது தெரிந்துவிடும். டிரையர் சூட்டில் ஒவ்வொரு பாகையையும் கவனிக்கும் தொழில், பறித்தவரின் கிலோவை மட்டும் கண்மட்டத்தில் கழித்தால் அந்தப் பதிவேட்டின் முதல் வரியே பிழை.

தோட்ட நிர்வாகங்களுக்கும், சம்பளம் பேசும் தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தராசின் முகம் கொழுந்து கொண்டுவந்தவரைப் பார்த்திருக்கட்டும். கழித்தால், எவ்வளவு, எதற்காக, எப்படி அளந்தது என்பதை அவர் கண்முன்னே எழுதுங்கள். அதன் ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள்.