கேம்பிரிட்ஜின் புதுக் குடியிருப்புகள்: வீடு வாங்குவோருக்குக் கிடைப்பது என்ன?

கேம்பிரிட்ஜ் நகரின் தெற்கு எல்லையில், டிரம்பிங்டன் என்னும் பழைய கிராமத்தைச் சூழ்ந்திருந்த வயல்களில், சென்ற பதினைந்து ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான புது வீடுகள் எழுந்திருக்கின்றன. இங்கிலாந்தின் சமையலறைகளில் பெரிதும் விரும்பப்படும் மாரிஸ் பைப்பர் என்ற உருளைக்கிழங்கு இவ்வூரிலிருந்த பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1966-இல் வெளிவந்தது. அந்த நிலையத்தின் பூமியே இப்போது டிரம்பிங்டன் மெடோஸ் என்ற குடியிருப்பாக மாறியுள்ளது. அங்கே அஸ்திவாரம் தோண்டுமுன் நடைபெற்ற அகழாய்வில், ஏழாம் நூற்றாண்டில் கட்டிலோடு அடக்கம் செய்யப்பட்ட ஓர் இளம்பெண்ணின் எலும்புகளும், அவள் அணிந்திருந்த பொற்சிலுவையும் கிடைத்தன. இத்தனை பழமை வாய்ந்த மண்ணில் புதிதாக வீடு வாங்கிக் குடியேறும் ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்க்கைக்கு அந்த இடம் எதை அளிக்கிறது, அதற்கு என்ன விலை கேட்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நகரத்தைச் சுற்றிப் பசுமை வளையம் என்று ஒதுக்கப்பட்டிருந்த நிலத்தில் ஒரு பகுதியை, வீட்டுப் பஞ்சம் முற்றியதனால், 2006-ஆம் ஆண்டின் நகரத் திட்டம் விடுவித்தது. விடுவித்ததோடு அது நிற்கவில்லை. 1990-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி, நிலத்தை அபிவிருத்தி செய்வோரும் உள்ளூர் ஸ்தாபனங்களும் செய்துகொண்ட உடன்படிக்கைகளில், பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு, சாலைக்கு இவ்வளவு, பூங்காவுக்கு இவ்வளவு என்று கடமைகள் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டன. பெரிய குடியிருப்புகளில் நூற்றுக்கு நாற்பது வீடுகள் எளியோருக்கு ஏற்ற வாடகையிலோ விலையிலோ அமைய வேண்டும் என்பதும் நகர சபையின் கொள்கை. ஆகவே, விற்பனை அலுவலகத்தில் வழவழப்பான காகிதத்தில் அச்சிட்டுக் காட்டப்படும் பூங்காவும் பள்ளியும் கட்டுமானக் கம்பெனியின் தயாளத்தினால் வந்தவை அல்ல. சட்டத்தின் நிர்ப்பந்தத்தால் வந்தவை. வீடு வாங்குபவர் இதை முதலில் உணர வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கிளே ஃபார்ம் என்ற பகுதியில் விடிகிற ஒரு சாதாரணப் பொழுதைப் பார்த்தால் அந்த நிர்ப்பந்தத்தின் பலன் விளங்கும். குடியிருப்பின் கிழக்கே ஹாப்சன் பூங்கா பரந்து கிடக்கிறது. அதன் ஓரமாக, 1610-க்கும் 1614-க்கும் இடையே நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவர வெட்டப்பட்ட கால்வாய்க்கு நீர் தரும் ஓடை, ஒன்பது கிணறுகள் என்று பெயர் பெற்ற சுண்ணாம்புக்கல் ஊற்றுகளிலிருந்து புறப்பட்டு இன்றும் ஓடுகிறது. பூங்காவுக்கு அப்பால் ஆடன்புரூக்ஸ் ஆஸ்பத்திரியும், 2019-இல் அதன் அருகே இடம்பெயர்ந்து வந்த ராயல் பாப்வொர்த் இருதய ஆஸ்பத்திரியும், சிதம்பரத்தில் பிறந்து 2009-இல் நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன் ஆராய்ச்சி செய்த மூலக்கூறு உயிரியல் கூடமும் இருக்கின்றன. இரவுப் பணி முடிந்த ஒரு நர்ஸ் காரோ பஸ்ஸோ வேண்டாமல் நடந்தே வீடு வந்து சேரலாம். குழந்தைக்கு ஆரம்பப் பள்ளியும், பெரிய பிள்ளைக்கு 2015-இல் திறக்கப்பட்ட டிரம்பிங்டன் உயர்நிலைப் பள்ளியும் எட்டும் தூரத்தில் உள்ளன. கிளே ஃபார்ம் மையம் என்ற ஒரே கட்டடத்தில் நூலகம், குடும்ப வைத்தியரின் நிலையம், சிற்றுண்டிச் சாலை, கூட்ட மண்டபம், மேல்மாடிகளில் குடியிருப்புகள் ஆகிய யாவும் சேர்ந்திருக்கின்றன. புத்தகம் மாற்ற வந்த முதியவர் அங்கேயே அமர்ந்து ஒரு கோப்பைத் தேநீர் அருந்திப் பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தை முதன்முறையாக அறிந்துகொள்கிறார் என்றால், அந்நியர் மட்டுமே குடியேறும் ஒரு புது ஊருக்கு அதைவிடப் பெரிய உபகாரம் எதுவுமில்லை என்று நான் கருதுகிறேன். ஆனால் அந்த மையம் திறக்கப்பட்டது 2018-இல். முதலில் குடிவந்தவர்கள் பல ஆண்டுகள் அது இல்லாமலே காலம் தள்ளினார்கள்.

நகரத்தின் நடுவே செல்ல, பழைய ரயில் பாதையின் மேல் 2011 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பிரத்தியேக பஸ் பாதை உண்டு. கான்கிரீட் தண்டவாளம் போன்ற அதன் தடத்தில், நெரிசலில் சிக்காமல் பஸ்கள் ரயில் நிலையத்துக்கு விரைகின்றன. பக்கத்திலேயே சைக்கிள் பாதையும் செல்கிறது. அந்தச் சௌகரியத்துக்கு ஒரு துயரமான மறுபக்கமும் இருக்கிறது. போதிய தடுப்பு இன்றி விடப்பட்ட அப்பாதையில் மூவர் உயிரிழந்தனர். அதன் பொருட்டுக் கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்ட சபைக்கு 2025-இல் அறுபது லட்சம் பவுன் அபராதம் விதிக்கப்பட்டது.

நகரின் வடமேற்கே பல்கலைக்கழகமே முன்னின்று எழுப்பிய குடியிருப்புக்கு எடிங்டன் என்று பெயர். 1935-இல், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டுக் கேம்பிரிட்ஜுக்கு வந்திருந்த இளைஞர் சந்திரசேகரின் நட்சத்திரக் கொள்கையைச் சபையறிய மறுத்துரைத்த அதே ஆர்தர் எடிங்டனின் பெயர்தான் அது. மூவாயிரம் வீடுகளைத் திட்டமிட்டு, அவற்றில் பாதியைப் பல்கலைக்கழக ஊழியருக்கு ஒதுக்கி, மறுபாதியை வெளிச்சந்தையில் விற்பது அங்கே ஏற்பாடு. வீடுகள் முடியுமுன்பே, 2015-இலேயே, ஆரம்பப் பள்ளியைத் திறந்தார்கள். வாசல்தோறும் குப்பைத் தொட்டி நிறுத்தாமல் தரைக்கடியில் பெரிய தொட்டிகளைப் புதைத்தார்கள். இவற்றினும் மேலாக நான் மதிப்பது மழைநீர் ஏற்பாட்டை. ஆண்டுக்குச் சுமார் 560 மில்லிமீட்டர் மழை மட்டுமே காணும் கேம்பிரிட்ஜ், இங்கிலாந்தின் வறண்ட பகுதிகளில் ஒன்று. நிலத்தடிச் சுண்ணாம்புப் பாறையிலிருந்து அளவுக்கு மீறி நீர் இறைத்ததனால் ஓடைகள் மெலிந்து, சுற்றுச்சூழல் ஏஜென்சியே சில புதுக் குடியிருப்புத் திட்டங்களுக்கு ஆட்சேபம் தெரிவிக்கும் நிலை வந்துவிட்டது. அத்தகைய ஊரில், கூரைகளிலும் வீதிகளிலும் விழும் மழையை ஏரிகளில் தேக்கிச் சுத்திகரித்து, கழிப்பறைக்கும் துணி துவைப்பதற்கும் தனிக் குழாயில் வீட்டுக்கே திருப்பி அனுப்புவது தீர்க்கதரிசனமான காரியம்.

இனி செலவைச் சொல்ல வேண்டும். புதுக் குடியிருப்புகள் பலவற்றில் வீதிகளையும் பூங்காக்களையும் உள்ளூர் சபை ஏற்றுக்கொள்வதில்லை. பராமரிப்புக் கம்பெனி ஒன்று ஆண்டுதோறும் வீட்டுக்காரரிடம் கட்டணம் வசூலிக்கிறது. நாட்டின் மிகப் பெரிய பதினொரு கட்டுமானக் கம்பெனிகள் 2021-22-இல் விற்ற வீடுகளில் நூற்றுக்கு எண்பது இப்படிப்பட்டவை என்று போட்டி, சந்தை ஆணையம் 2024-இல் கண்டறிந்தது. சபை வரியும் செலுத்தி, அதே விளக்குக்கும் புல்வெளிக்கும் மறுபடியும் பணம் கட்டுவது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் நீண்ட கால குத்தகை உரிமையில் விற்கப்படுகின்றன; 2022 ஜூன் 30 முதல் எழுதப்படும் புதுக் குத்தகைகளில் நில வாடகை வசூலிப்பதைச் சட்டம் தடுத்துவிட்டாலும், பராமரிப்புக் கட்டணம் நீடிக்கவே செய்கிறது. வழக்கமான பத்தாண்டு உத்தரவாதத்தில், கதவு பொருந்தாமை, குழாய்க் கசிவு போன்ற குறைகளைக் கட்டியவரே சரிசெய்ய வேண்டியது முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே. பிற்பாடு அது பெரும்பாலும் கட்டடத்தின் பெருங்குறைகளை மட்டுமே தாங்கும்.

ஆகையால், இங்கே வீடு வாங்க எண்ணுவோர் மாதிரி வீட்டின் திரைச்சீலைகளைப் பார்த்து மயங்காமல், முன்பணம் கட்டுவதற்குள் 106-ஆம் பிரிவு உடன்படிக்கையை வாங்கிப் படிக்க வேண்டுகிறேன். எத்தனையாவது வீட்டில் ஆள் குடியேறுமுன் பள்ளி திறக்க வேண்டும், வைத்தியர் நிலையத்துக்கு யார் இடம் தர வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளை அதில்தான் காணலாம். அது பொது ஆவணம். நகர சபையின் திட்டப் பதிவேட்டில் எவரும் அதைப் பார்க்கலாம்.