கொக்கி போட்டவர் எடுத்தது என்ன?

ஸ்ரீரங்கத்துத் தெருவொன்றில் ஒருவர் மின்கம்பியில் கொக்கி போட்டு மின்சாரம் திருடினார், திருச்சி நீதிமன்றத்தில் அவர்மேல் வழக்கு என்று வைத்துக்கொள்வோம். 'சார்ஜ்' என்ற சொல்லின் இரண்டு பொருளும், குற்றச்சாட்டும் மின்னூட்டமும், சந்திக்கும் இடம் இது.

போலீஸ் போடும் 'சார்ஜ் ஷீட்' புலன்விசாரணையின் இறுதி அறிக்கைதான். அதைப் பார்த்து, வழக்குக்கு முகாந்திரம் உண்டு என்று கருதினால் நீதிபதி வனைவதே குற்றச்சாட்டு. எந்தப் பிரிவு, எந்த நாள், எந்த இடம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். குற்றம்சாட்டப்பட்டவருக்குப் படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்க வேண்டும். 'வனைதல்' குயவர் சொல். நம் நீதிமன்றத் தமிழ் அதை இன்னும் கைவிடாதிருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி.

'சார்ஜ் ஷீட்' உண்மையில் 'சார்ஜ்' அல்ல; போனிலும் இதே கதை. முழு 'சார்ஜ்' ஏறிய பேட்டரியில் மொத்த மின்னூட்டம் கூடியிருக்காது. லித்தியம் அயனிகள் உள்ளே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக, அதே கணக்கில் எலெக்ட்ரான்களும் வெளிச்சுற்று வழியே அங்கு சேர்கின்றன. ஏறியது ஆற்றல்.

கொக்கி வழியாக வந்தது எது? மேட்டூரில் திறந்த காவிரி, முக்கொம்பில் பிரிந்து, ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபத்துப் படிகளைத் தொடுகிறது. மின்சாரமும் அப்படி ஓடிவருவதாகவே நினைக்கிறோம். ஆனால் மேட்டூர் மின்நிலையத்து எலெக்ட்ரான் ஸ்ரீரங்கத்துக்கு வருவதே இல்லை. வழியிலுள்ள டிரான்ஸ்பார்மரில் இரு சுருள்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை, காந்தப்புலம்தான் தாண்டுகிறது. வீட்டுக் கம்பிக்குள்ளும் எலெக்ட்ரான்கள் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஊசலாடுகின்றன, அவ்வளவே. அந்த ஊசலின் வீச்சு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு.

அப்படியானால் திருட்டு எப்படி? இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 378ஆம் பிரிவு, அசையும் பொருளை எடுப்பதைத்தான் திருட்டு என்றது. அதனால் 1910ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், 'ஆற்றலை' நேர்மையின்றி உறிஞ்சுவதும் திருட்டாகவே கருதப்படும் என்று 39ஆம் பிரிவில் தனியாக எழுதிவைத்தது. எலெக்ட்ரான் கண்டறியப்பட்டு 13 ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில் சட்டம் எவ்வளவு சரியான சொல்லைப் பிடித்திருக்கிறது! 1960களில் பஞ்சாபிலிருந்து வந்த ஒரு வழக்கில், இது மின்சாரச் சட்டத்தால் உண்டான குற்றம், எனவே அச்சட்டம் குறிப்பிடுவோர் மூலமே வழக்கு வர வேண்டும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்துசெய்தது. இன்று 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135ஆம் பிரிவு நடப்பில் இருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை.

கொக்கியைக் கழற்றிய பின் தெருக்கம்பியில் எலெக்ட்ரான் கணக்கு குறைந்திருக்காது. மின்வாரியம் இழப்பாகக் காட்டுவது யூனிட்டுகளை. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல் ஆற்றல்.