ஒரே ஒருவரை 'தே' என்று சொல்லலாமா? ஒரு சிவப்பு வட்டம் கிளப்பிய கேள்வி

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் போன வாரம் ஆங்கில நோட்டுடன் வந்து நின்றாள். 'எவரி ஸ்டூடன்ட் மஸ்ட் பிரிங் தெயர் லஞ்ச்' என்று எழுதியிருந்தாள். 'தெயர்' மேல் சிவப்பு வட்டம். பக்கத்தில் 'ஹிஸ்' என்று திருத்தம். ஒரு மார்க் போச்சு.

"அம்மா, எங்க கிளாஸ்ல பாதிப் பேர் பொண்ணுங்க. 'ஹிஸ்'னா 'அவனோட'தானே? அப்போ நாங்க லஞ்ச் கொண்டு போக வேணாமா?"

சிரிப்பு வந்தது, பதில் வரவில்லை. நான் படித்த காலத்திலும் இதே விதிதான். 'எவரி', 'ஈச்', 'எவரிஒன்' எல்லாம் ஒருமை. 'தே' பன்மை. எனவே 'ஹிஸ்'தான் சரி. மனப்பாடம் செய்தேனே தவிர, ஏன் என்று கேட்டதில்லை. இந்த முறை தேடிப் பார்த்தேன்.

600 ஆண்டுப் பழக்கம்

ஆணா, பெண்ணா என்று தெரியாத ஒருவரை 'தே' என்று குறிப்பது இன்றைய இளைஞர்கள் கிளப்பிய புதுப் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி காட்டும் மிகப் பழைய உதாரணமோ சுமார் 1375-ம் ஆண்டைச் சேர்ந்தது. சாஸர் இப்படி எழுதியிருக்கிறார். ஷேக்ஸ்பியர் எழுதியிருக்கிறார். ஜேன் ஆஸ்டினின் நாவல்களில் பல இடங்களில் வருகிறது.

பிறகு எப்படித் தவறானது? 18-ம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு இலக்கணப் புத்தகங்கள் பெருகின. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக 'ஹீ' என்றே எழுதலாம் என்ற விதி அப்போதுதான் வலுப்பெற்றது. 1795-ல் வெளியான லிண்ட்லி மர்ரேயின் இலக்கண நூல், ஒருவரைக் குறிக்கும் 'தெயர்' பிழை என்று சொல்லி, அந்த இடத்தில் 'ஹிஸ்' போடச் சொன்னது. அந்த நூல் பல பதிப்புகள் கண்டு பள்ளிகளில் பரவியது. என் மகளின் நோட்டில் விழுந்த சிவப்பு வட்டத்தின் பூர்வீகம் அதுதான்.

'யூ' மட்டும் எப்படித் தப்பியது?

"பன்மைச் சொல்லை ஒருவருக்குப் பயன்படுத்தலாமா?" என்பதுதான் எதிர்ப்பாளர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால், 'யூ' என்பதும் ஒரு காலத்தில் பன்மைதான். ஒருவரை அழைக்க 'தௌ' என்று தனிச்சொல் இருந்தது. மரியாதைக்காகப் பெரியவர்களை 'யூ' என்றார்கள். போகப்போக எல்லோரையும் அப்படியே அழைத்தார்கள். 'தௌ' வழக்கொழிந்தது. இன்றும் ஒருவரிடம் பேசும்போது 'யூ ஆர்' என்கிறோமே, அந்த 'ஆர்' பழைய பன்மையின் மிச்சம்!

'நீங்கள்' வந்த அதே வழி. தமிழர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதே இல்லை.

'ஆண் என்றால் பெண்ணும்தான்'... நிஜமாகவா?

'ஹீ என்று எழுதினாலும் பெண்ணையும் சேர்த்துத்தானே சொல்கிறோம்' என்று சிலர் கேட்பார்கள். அதற்கு வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது.

சட்டங்களில் வரும் ஆண்பாற் சொற்கள் பெண்களையும் குறிக்கும் என்று பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1850-ல் சட்டமே போட்டது. 1867-ல் வந்த வாக்குரிமைச் சட்டம், இன்ன தகுதியுள்ள 'மேன்' வாக்களிக்கலாம் என்றது. அப்படியானால் எங்களுக்கும் வாக்கு உண்டுதானே என்று மான்செஸ்டரில் 5,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பெயரைப் பதியச் சொல்லிக் கேட்டார்கள். வழக்கு நீதிமன்றம் போனது. 1868-ல் வந்த தீர்ப்பு: இந்த இடத்தில் 'மேன்' என்பதில் பெண் அடக்கமில்லை!

சொல்லில் சேர்த்துக்கொண்டவர்கள், உரிமை என்று வந்ததும் விட்டுவிட்டார்கள். அங்கே பெண்களில் ஒரு பகுதியினருக்கு 1918-லும், ஆண்களுக்குச் சமமாக எல்லோருக்கும் 1928-லும்தான் வாக்குரிமை கிடைத்தது. 'நாங்க லஞ்ச் கொண்டு போக வேணாமா?' என்று என் மகள் கேட்டது அவ்வளவு விளையாட்டான கேள்வி இல்லை.

இன்றைய நிலை என்ன?

ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதுவோர் பின்பற்றும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் கையேடு, 2019-ல் வந்த ஏழாம் பதிப்பில் ஒருமை 'தே'வை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு மெரியம்-வெப்ஸ்டர் அகராதி, ஆண், பெண் என்ற இரண்டு அடையாளத்துக்குள்ளும் தங்களை வைக்காதவர்களைக் குறிக்கும் 'தே'வுக்குத் தனிப் பொருள் கொடுத்தது. ஆண்டின் சிறந்த சொல்லாகவும் 'தே'வையே அறிவித்தது. ஒருவர் தன்னை 'தே' என்று குறிப்பிடச் சொன்னால், அப்படியே சொல்வதுதான் மரியாதை.

நாம் எப்படி எழுதலாம்?

* யாரென்று தெரியாத ஒருவரைப் பற்றிய மெயிலில், கடிதத்தில் 'தே' தாராளமாக எழுதலாம். 'ஹீ ஆர் ஷீ' என்று நீட்ட வேண்டாம்.

* ஒருவரைக் குறித்தாலும் 'தே ஆர்' என்றுதான் வரும். 'தே இஸ்' தவறு.

* பழைய விதியைக் கேட்கும் தேர்வுகள் இன்னும் உண்டு. அங்கே மார்க்கைப் பணயம் வைக்க வேண்டாம். 'ஆல் ஸ்டூடன்ட்ஸ் மஸ்ட் பிரிங் தெயர் லஞ்ச்' என்று முழுதும் பன்மையில் எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. பிழையைத் திருத்தும் கேள்வி என்றால், பாடப்புத்தகம் சொல்வதை எழுதிவிடுங்கள்.

இதில் ஆசிரியர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவர்கள் படித்த புத்தகம் அப்படி.

நம் தொல்காப்பியரும் இந்த இடத்தில் நின்று யோசித்திருக்கிறார். ஒருவரை உயர்வு கருதிப் பன்மையில் சொல்வது மக்கள் வழக்கு, இலக்கண முறையல்ல என்று சொல்லதிகாரத்தில் குறித்துவைத்தார். 'ஒருவர்' என்ற சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்றும் சொன்னார். வழக்குதான் ஜெயித்தது. இன்று 'அவர் வந்தார்' என்று எழுதாமல் தமிழில் ஒரு செய்தி உண்டா?

இதையெல்லாம் மகளிடம் சொல்லி முடித்தேன். "நாளைக்கு மிஸ்கிட்ட மெதுவா கேட்டுப் பாரு" என்றேன்.

"கேட்கிறேன். ஆனா, மிஸ் என்ன சொல்லுவாங்கன்னு தெரியலையே!"

"மிஸ் ஒருத்தர்தானே? அப்புறம் எதுக்கு 'சொல்லுவாங்க'?" என்றேன்.

ஒரு நொடி விழித்தாள். பிறகு சிரித்தபடி நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.